விட்ட மீனின் கணக்கு

மீன் ஒன்றுதான். ஆனால் எந்த நாட்டுக் கரையில் நின்று பிடிக்கிறோம் என்பதைப் பொறுத்து, அதற்கு நாம் செய்யும் பாவம் மாறிவிடுகிறது.

இங்கிலாந்தில் பெரிய கார்ப் மீன் ஒன்றைப் பிடித்து வீட்டுக்கு எடுத்துப்போய்க் குழம்பு வைத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏரிக்கரையில் உட்கார்ந்திருப்பவர்கள் உங்களைக் கொலைகாரனைப் போலப் பார்ப்பார்கள். அங்கே மரியாதை என்பது, பிடித்த மீனைப் பத்திரமாகத் திரும்பத் தண்ணீரில் விடுவது. ஜெர்மனிக்குப் போனால் கதை தலைகீழ். நியாயமான காரணம் இல்லாமல் ஒரு விலங்குக்கு வலியோ துன்பமோ சேதமோ உண்டாக்கக் கூடாது என்று அந்நாட்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதல் பிரிவிலேயே சொல்லிவிடுகிறது. சாப்பிடுவது காரணம். விளையாட்டு காரணம் ஆகாது. அதனால் விடுவதற்கென்றே மீன் பிடிப்பவர் மேல் அங்கே வழக்கு வரலாம். சுவிட்சர்லாந்து 2009 முதல், விடும் எண்ணத்தோடு மீன் பிடிப்பதையே தடை செய்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இன்னொரு திருப்பம். அங்கே கார்ப் ஆறுகளைக் கெடுக்க வந்த அந்நிய மீன். பிடித்ததை உயிரோடு தண்ணீரில் விட்டால் அதுதான் குற்றம். செக் நாட்டில் இதே மீன் கிறிஸ்துமஸ் இரவின் விருந்து. உருளைக்கிழங்கு சாலட்டோடு பொரித்துச் சாப்பிட்டுவிட்டு, காசு சேரட்டும் என்று ஒரு செதிலைப் பர்ஸில் வைத்துக்கொள்வார்கள்.

நமக்கும் இது முற்றிலும் அந்நியம் இல்லை. மீன்வளத்துறைக்காரர்கள் சாதாக் கெண்டை என்று சொல்வது இதைத்தான். இதன் ஒரு வகை, பெரிய பெரிய செதில்களோடு இருக்கும் கண்ணாடிக் கெண்டை, 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவந்து விடப்பட்டது. நம்ம ஊர்ச் சந்தையில் கட்லா, ரோகுவோடு சேர்ந்து கிடக்கும். கிலோ என்ன விலை என்பதைத் தவிர அதைப் பற்றி நாம் வேறு கேள்வி கேட்பதில்லை.

ஒரு நாட்டில் கருணையாக இருப்பது பக்கத்து நாட்டில் குற்றமாக இருந்தால், இரண்டில் ஒன்று தப்பாக இருக்க வேண்டும். அல்லது, நாம் கருணை என்று பெயர் வைத்திருப்பது வேறு ஏதோவாக இருக்க வேண்டும். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது சந்தேகத்தைப் பற்றியது.

*

நான் விடுகிற கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்தில் வேலை பார்க்கிறேன். அலுவலகத்து நண்பர் ஒருவர் பழக்கிவிட்டு, ஏழு வருஷமாகக் கார்ப் பிடிக்கிறேன். பிறந்து வளர்ந்தது தாமிரபரணிக் கரை. சின்ன வயதில் மூங்கில் கம்பு, நரம்பு, தக்கை, மண்புழு. மாட்டியது எதுவானாலும் சாயங்காலம் சட்டிக்குப் போய்விடும். "விடுவது" என்ற சொல்லுக்கு அங்கே வேலையே கிடையாது. ரொம்பப் பொடியாக இருந்தால் தூக்கிப் போடுவோம், அடுத்த வருஷம் பெரிதாக வரட்டும் என்று. அதுகூட எங்கள் சட்டிக்காகத்தான்.

போன அக்டோபரில் ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு, கார் நிறையச் சாமான்களோடு கால்வாய்ச் சுரங்க ரயிலில் பிரான்ஸுக்குப் போனேன். தனியாக. கார்ப் பிடிப்பவர்களுக்குப் பிரான்ஸ் ஒரு புனிதத் தலம் மாதிரி. இங்கிலாந்துக் குட்டைகளில் இருக்கும் மீன்களை எண்ணிவிடலாம், பெயர்கூட இருக்கும். பிரான்ஸின் பெரிய அணைகளில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

கிளம்புவதற்கு முன்னால் அம்மாவோடு போனில் பேசினேன். அதற்குச் சில வாரம் முன்பு இங்கிலாந்தில் பிடித்த ஒரு மீனைக் கையில் ஏந்தி நிற்கும் படத்தை அவளுக்கு அனுப்பியிருந்தேன். அதை வைத்துத்தான் ஆரம்பித்தாள்.

"அவ்ளோ பெரிய மீன என்னய்யா செஞ்ச?"

"விட்டுட்டேம்மா."

"விட்டுட்டியா? பொறவு எதுக்குப் புடிச்ச?"

"அது ஒரு விளையாட்டும்மா. பிடிச்சு, பாத்துட்டு, விட்டுருவோம். அதுக்கு ஒண்ணும் ஆகாது."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "திங்கவும் இல்ல, விக்கவும் இல்ல. சும்மா பாக்கதுக்கா அது வாயக் கிழிக்கே?"

ஜெர்மன் சட்டத்தின் முதல் பிரிவைத்தான் அவள் சொன்னாள். வாரத்தில் நாலு நாள் மீன் ஆய்கிற கை அது. மீன் மேல் அவளுக்குத் தனிப் பாசம் எதுவும் கிடையாது. ஆனால் காரணம் இல்லாமல் ஒன்றைத் துன்புறுத்துவதும், காரணத்தோடு கொல்வதும் வேறு வேறு என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. எனக்குத்தான் பதில் சொல்ல வரவில்லை.

*

பதில் தேடும் முன், கார்ப் பிடிப்பது எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டும். தக்கை அசைவதைப் பார்த்து வெடுக்கென்று இழுப்பது அல்ல இது.

கார்ப் எச்சரிக்கையான மீன். இரையை வாயில் உறிஞ்சிப் பார்க்கும், சந்தேகம் வந்தால் துப்பிவிடும். அந்தத் துப்புதலைப் பொறியாக மாற்றியதுதான் ஹேர் ரிக் என்ற உத்தி. 1980-ஐ ஒட்டிய வருடங்களில் கெவின் மேடக்ஸ், லென் மிடில்டன் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் இதை உருவாக்கினார்கள். இரையை முள்ளில் குத்துவதில்லை. முள்ளிலிருந்து மயிர் போலத் தொங்கும் ஒரு நூலில் கோக்கிறார்கள். மீன் இரையை உறிஞ்சும்போது வெறும் முள்ளும் கூடவே உள்ளே போகிறது. துப்பும்போது முள் கீழ் உதட்டில் பதிகிறது. நூலில் கனமான ஈயக்குண்டு இருப்பதால், மீன் திடுக்கிட்டு ஓடும்போது அந்தக் கனமே முள்ளை அழுத்தி ஏற்றிவிடுகிறது. கரையில் இருப்பவன் தூங்கிக்கொண்டிருக்கலாம். தூண்டிலின் அடியில் இருக்கும் மின்னணு மணி அவனை எழுப்பும்.

இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். யாரும் இழுக்கவில்லை. மீனின் எச்சரிக்கைதான் அதை மாட்டிவிடுகிறது. "நான் பிடித்தேன்" என்று சொல்வதே பாதி பொய். பொறியை வைத்துவிட்டுக் குறட்டை விட்டேன் என்பதுதான் நடந்தது.

பிறகு வருவது பராமரிப்பு. மீனைத் தரையில் வைக்கக் கூடாது, தண்ணீர் நனைத்த மெத்தை வேண்டும். கை ஈரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் மேல் இருக்கும் வழவழப்பு உரிந்துவிடும். முள் குத்திய இடத்தில் கிருமிநாசினி தடவ வேண்டும். எடை போட ஈரமான பை. நிற்கும் நிலையில் தூக்கக் கூடாது, கை நழுவினால் விழுந்துவிடும். மண்டியிட்டு, மெத்தைக்கு மேலேயே ஏந்த வேண்டும். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் வீட்டில் இருக்கும் பதற்றம் எல்லாம் இருக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக வரும். எங்களுக்கு அது ஒழுக்கம்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். நான் குத்திய காயத்துக்கு நானே மருந்து போடுகிறேன். அதற்கு என்ன பெயர்?

*

கரைக்காரர்களின் முதல் பதில்: மீனுக்கு வலிக்காது.

இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2002-இல் ஜேம்ஸ் ரோஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், மனிதர்களுக்கு வலி என்ற அனுபவம் உண்டாக மூளையின் நியோகார்டெக்ஸ் பகுதி தேவை, மீனுக்கு அது இல்லை, ஆகவே மீன் காட்டுவது வெறும் எதிர்வினை என்று வாதிட்டார். அடுத்த வருடமே பிரிட்டனில் லின் ஸ்னெடனும் அவருடன் சேர்ந்தவர்களும் டிரௌட் மீன்களின் உதட்டில் தேனீ விஷத்தையும் அசிட்டிக் அமிலத்தையும் செலுத்திப் பார்த்ததை வெளியிட்டார்கள். மீன்களின் செவுள்கள் வேகமாக அடித்துக்கொண்டன. அவை மறுபடி இரை எடுக்க அதிக நேரம் ஆனது. அமிலம் பட்டவை உதட்டைத் தொட்டியின் கற்களில் தேய்த்தன. வலி மருந்து கொடுத்த மீன்களில் இந்த நடத்தை குறைந்தது. சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் நம்மைப் போன்ற மூளை இல்லை என்பதாலேயே வலி இல்லை என்று சொல்வது, நம்மைப் போல நுரையீரல் இல்லை என்பதாலேயே மீன் சுவாசிப்பதில்லை என்று சொல்வது மாதிரி எனக்குப் படுகிறது.

இன்னொரு விஷயம் பழையது. நெதர்லாந்தில் ஜே. ஜே. பியூகெமா என்பவர் குளங்களில் கார்ப் மீன்களை வைத்துத் தூண்டில் போட்டுப் பார்த்த ஆய்வு 1970-இல் வந்தது. ஒருமுறை மாட்டிய மீன் மறுபடி மாட்டும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது என்று அவர் கண்டார். ஒரே அனுபவம் போதுமானதாக இருக்கிறது. மீனுக்கு மூன்று விநாடி ஞாபகம் என்று வாட்ஸப்பில் சுற்றும் வசனத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அது வலியா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. திரும்ப வரக் கூடாது என்று அந்த மீன் முடிவு செய்கிற அளவுக்கு ஏதோ ஒன்று நடக்கிறது.

இரண்டாவது பதில் இதைவிடக் கனமானது: எங்களைப் போல இந்த மீனை நேசிப்பவர்கள் யாரும் இல்லை.

இதுவும் உண்மைதான். 1952 செப்டம்பரில் ரிச்சர்ட் வாக்கர் என்பவர் இங்கிலாந்தின் ரெட்மயர் குளத்தில் 44 பவுண்டு, அதாவது சுமார் 20 கிலோ கார்ப் ஒன்றைப் பிடித்தார். அதை அவர் கொல்லவில்லை. லண்டன் உயிரியல் பூங்காவுக்குக் கொடுத்தார். அங்கே அது பல வருடம் வாழ்ந்தது. பார்க்க வந்தவர்களுக்கு அதன் பெயர் கிளாரிஸா. பீட்டர்பரோ பக்கம் ஒரு ஏரியில் பென்சன் என்று ஒரு கார்ப் இருந்தது. முதுகுத் துடுப்பில் சிகரெட் சுட்டது போல ஒரு ஓட்டை, அதனால் ஒரு சிகரெட் கம்பெனியின் பெயர். சுமார் 29 கிலோ எட்டியது. வாழ்நாளில் 60 தடவைக்கு மேல் பிடிபட்டு விடப்பட்டதாகச் சொல்வார்கள். 2009-இல் அது செத்தபோது பத்திரிகைகளில் இரங்கல் செய்தி வந்தது. எனக்குத் தெரிந்த மனிதர்கள் பலருக்கு அது வராது.

அந்த நேசத்தை நான் சந்தேகப்படவில்லை. எனக்குள்ளேயே அது இருக்கிறது. ஆனால் 60 தடவை என்ற எண்ணைப் பென்சனின் பக்கத்திலிருந்து படித்துப் பாருங்கள். 60 தடவை ஏமாந்து, 60 தடவை உயிருக்குப் போராடி, 60 தடவை முகம் தெரியாத ஒருவரின் மடியில் கிடந்து, மூச்சுத் திணறி, பின் விடுதலை. நேசத்தின் கணக்குப் புத்தகத்தை எப்போதும் நேசிப்பவரே எழுதுகிறார்.

அந்த நேசத்துக்குச் சந்தையும் உண்டு. பிரான்ஸில் 60 சென்டிமீட்டருக்கு மேல் நீளமுள்ள கார்ப் மீனைத் தூண்டில்காரர்கள் உயிரோடு கொண்டுபோவது குற்றம், பெரிய தொகை அபராதம். திருட்டுக்கு எதிரான சட்டம் இது. பெரிய மீன்களைப் பொது ஏரிகளிலிருந்து களவாடி, எங்களைப் போன்றவர்கள் காசு கொடுத்துப் பிடிக்கும் தனியார் ஏரிகளுக்கு விற்கும் வியாபாரம் இருக்கிறது. நாங்கள் நேசிக்காவிட்டால் அந்த மீனை யாரும் லாரியில் ஏற்றியிருக்க மாட்டார்கள்.

*

திருக்குறளில் இன்னா செய்யாமை 32-ஆவது அதிகாரம். கொல்லாமை 33-ஆவது. அடுத்தடுத்து இருக்கின்றன, ஆனால் வேறு வேறு. புலால் மறுத்தல் இரண்டுக்கும் முன்னால், 26-ஆவது அதிகாரமாக, தனியாக நிற்கிறது. பள்ளியில் படித்தபோது இது ஏன் மூன்று அதிகாரம், ஒன்றே போதாதா என்று நினைத்திருக்கிறேன். ஏரிக்கரையில்தான் புரிந்தது. நான் மீனைத் தின்பதில்லை: 26-ஐத் தாண்டியாயிற்று. கொல்வதில்லை: 33-உம் சரி. ஆனால் நடுவில் இருக்கும் 32-இல் வந்து நிற்கிறேன். அம்மா 26-இலேயே தவறிவிடுகிறாள், 33-லும் தப்ப முடியாது. ஆனால் சும்மா பார்ப்பதற்காக ஒன்றைத் துன்புறுத்துகிற வேலை அவளிடம் இல்லை.

அப்படியானால் ஜெர்மனி சொல்வதுதான் சரியா? பிடித்தால் தின்று தீர்க்க வேண்டுமா?

எனக்கு அதிலும் ஒரு ஓட்டை தெரிகிறது. பசிக்காகக் கொல்வது காரணம் என்றால், பசி உண்மையாக இருக்க வேண்டும். குளிர்பெட்டி நிறைய உணவு இருக்கும் வீட்டுக்காரன் ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் ஏரிக்குப் போய், பிடித்ததைச் சட்டத்துக்காக வறுத்துச் சாப்பிட்டால், அவனுடைய காரணம் பசி அல்ல. அவனும் விளையாடத்தான் போனான். மீனின் உயிர் அவன் விளையாட்டுக்கு அனுமதிச் சீட்டு, அவ்வளவுதான். சட்டம் காரணத்தைக் கேட்கிறது. ஆனால் தட்டில் இருப்பதை மட்டும்தான் அதனால் பார்க்க முடியும், மனசில் இருப்பதை அல்ல.

மீன் எதை விரும்பும் என்று கேட்டால், விடுபடுவதையே விரும்பும் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அந்த இரண்டு வழியைத் தவிர மூன்றாவது ஒன்று இருக்கிறதே: முதலிலேயே தூண்டில் போடாமல் இருப்பது. விடுவதா கொல்வதா என்று நாங்கள் ராத்திரி முழுக்க வாதிடும்போது அந்த மூன்றாவது வழியை மேசைக்கு அடியில் தள்ளிவிடுகிறோம்.

*

விடுவதைப் புண்ணியமாக நினைப்பது புதிதல்ல. சீனா, தைவான் போன்ற இடங்களில் பௌத்தர்கள் பிடிபட்ட மீன்களையும் பறவைகளையும் விலை கொடுத்து வாங்கி விடுவிப்பார்கள். பழைய, அழகான வழக்கம். ஆனால் விடுவிப்பவர்கள் இருப்பதாலேயே பிடித்து விற்பவர்களும் உருவாகிவிட்டார்கள். புண்ணியத்துக்குச் சரக்கு வேண்டுமே. செக் நாட்டில் கிறிஸ்துமஸுக்கு வாங்கிய கார்ப்பைச் சில நாள் குளியல் தொட்டியில் வைத்திருப்பார்கள். பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்துவிடும். பிறகு வெட்ட மனசு வராது. குடும்பமே ஊர்வலமாகப் போய் ஆற்றில் விட்டுவிட்டு வரும். தொட்டியில் களைத்த மீன், குளிர்கால ஆற்றில் பெரும்பாலும் பிழைக்காது என்று விவரம் தெரிந்தவர்கள் ஒவ்வொரு வருடமும் சொல்வார்கள். பிள்ளைகள் சந்தோஷமாகத் தூங்கும்.

இந்த இரண்டு விடுதலையிலும் பயன் அடைவது விடுபவர்.

வேறு மாதிரி விட்டவர் ஒருவர் நம்மிடம் இருக்கிறார். நாகப்பட்டினம் நுளைப்பாடியைச் சேர்ந்த அதிபத்தர், அறுபத்து மூன்று நாயன்மார்களில் மீனவர். தினமும் வலையில் விழுவதில் ஒரு மீனைச் சிவனுக்கென்று கடலில் விடுவார். வலை நிறைந்த நாட்களில் அது பெரிய விஷயம் இல்லை. பிறகு ஒரு காலம் வந்தது. நாளுக்கு ஒரு மீன்தான் மாட்டியது. அதையும் விட்டார். வீட்டில் பட்டினி. கடைசியில் பொன்னும் மணியுமாக ஒரு மீன் மாட்டியது, அதையும் விட்டார் என்று பெரிய புராணம் சொல்கிறது. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நான் கவனிப்பது ஒன்றை மட்டும். அவர் விட்ட மீன் அவருக்குத் தேவையான மீன். ஒவ்வொரு முறை விட்டபோதும் அவர் கையிலிருந்து ஏதோ ஒன்று போனது.

என் கையிலிருந்து என்ன போகிறது? நான் அந்த மீனைத் தின்னப்போவதே இல்லை. எனக்கு வேண்டியதை எல்லாம் எடுத்துக்கொண்ட பிறகுதான் விடுகிறேன். அந்த ஓட்டம், அந்த எடை, அந்தப் படம். சக்கையைத் துப்பிவிட்டுத் தானம் என்று சொல்கிறேன்.

நாங்கள் மீனைத் தின்பதில்லை என்று சொல்வதே சரியில்லை. படமாகத் தின்கிறோம்.

*

நான் போன இடம் ஷாம்பேன் பகுதியில் இருக்கும் டெர் ஏரி. 1974-இல் நிரப்பப்பட்ட செயற்கை ஏரி, சுமார் 4,800 ஹெக்டேர். மார்ன் நதியின் வெள்ளம் பாரிஸுக்குள் போகாமல் பிடித்து வைக்கவும், கோடையில் தண்ணீர் திறந்துவிடவும் கட்டினார்கள். அதற்காக மூன்று கிராமங்கள் தண்ணீருக்குள் போயின: ஷாந்தெகோக், ஷாம்போபேர், நுய்ஸ்மோன். ஷாம்போபேரின் தேவாலயம் மட்டும் கரை முனையில் இன்னும் தனியாக நிற்கிறது. இலையுதிர் காலத்தில் தண்ணீர் வடிந்து, சேற்று வெளி நீண்டு கிடக்கும். அந்தச் சமயத்தில்தான் வடக்கிலிருந்து கொக்குகள் ஆயிரக்கணக்கில் இறங்கும். நம்ம ஊர் வெள்ளைக் கொக்கு அல்ல, உயரமான சாம்பல் நிறப் பறவை. அந்தி நேரத்தில் அவை கத்திக்கொண்டே வந்து இறங்குவது, ஒரு ஊரே சந்தையிலிருந்து திரும்பி வருவது போல இருக்கும்.

பிரான்ஸில் ராத்திரி மீன்பிடிப்பு பொதுவாகக் கூடாது. கார்ப்புக்கு மட்டும், குறித்துக்கொடுத்த இடங்களில் அனுமதி. ஆனால் இருட்டிய பிறகு பிடித்த கார்ப்பை வைத்துக்கொள்ளக் கூடாது. அப்படி ஒரு இடத்தில் கூடாரம் போட்டேன். மூன்று நாள் ஒன்றுமில்லை. கடைக்குப் போனபோது ரொட்டி விற்ற அம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசியதைத் தவிர யாரோடும் பேசவில்லை.

தனிமையைப் பற்றிப் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு அதில் தெரிந்தது ஒன்றுதான்: சாட்சி இல்லாதபோது நாம் செய்வதில் எவ்வளவு சாட்சிக்காகச் செய்தது என்று தெரிந்துவிடும். ஊர்க் குட்டையில் நாலு பேர் சுற்றி நிற்கும்போது நான் மெத்தையை நனைப்பேன், மருந்து தடவுவேன், எல்லாம் சரியாகச் செய்வேன். இங்கே நான் மீனைக் கல்லில் போட்டுப் புரட்டினாலும் கேட்க நாதியில்லை. மனசாட்சி என்று பெரிய பெயர் வேண்டாம். இருட்டில் நனைந்த மெத்தை, அவ்வளவுதான் சோதனை.

நான்காம் இரவு மூன்று மணிக்குக் கிட்டத்தில் மணி அலறியது. அரை மணி நேரம் போலப் பிடித்தது. கடைசியில் வலைக்குள் வந்து படுத்ததும், தலையில் கட்டியிருந்த விளக்கைப் போட்டேன். கண்ணாடிக் கெண்டை. பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்கு நாலைந்து செதில், வயிற்றுப்பக்கம் மஞ்சள். நான் அதுவரை பிடித்ததிலேயே பெரியது, அதில் சந்தேகமே இல்லை. என் முள் கீழ் உதட்டின் வலது பக்கம் இருந்தது. இடது பக்கத்தில் உதடு லேசாகக் கிழிந்து, ஆறி, தழும்பாகியிருந்தது. யாரோ எப்போதோ பிடித்து, நேசித்து, விட்டிருக்கிறார்கள்.

தனியாக இருப்பவன் பெரிய மீனோடு படம் எடுப்பது நேரம் பிடிக்கிற வேலை. மீனை வெளியே தூக்கி மெத்தையில் வைத்து, எடை போட்டு, முக்காலியில் கேமராவைச் சரிசெய்து, டைமரை அழுத்தி, ஓடிவந்து ஏந்த வேண்டும். முதல் படத்தில் தலை வெட்டுப்பட்டிருக்கும், மறுபடி ஓட வேண்டும். அவ்வளவு நேரமும் அது காற்றில் இருக்கும். துணைக்கு ஒருவர் இருந்தால் பாதி நேரம். என் கேள்வி அப்போது ரொம்பச் சின்னதாகிவிட்டது. இந்த இரண்டு மூன்று நிமிஷம் யாருக்காக?

மீனுக்காக இல்லை. எனக்காகவும் முழுதாக இல்லை, நான்தான் நேரில் பார்த்துக்கொண்டிருக்கிறேனே. இங்கே இல்லாதவர்களுக்காக. போனில் கட்டைவிரல் தூக்கப்போகிறவர்களுக்காக.

முழங்கால் தண்ணீரில் நின்றபடி, வலைக்குள்ளேயே வைத்து முள்ளைக் கழற்றினேன். எதிர்முள் இல்லாத முள், எளிதாக வந்தது. வலையின் ஒரு பக்கத்தைத் தாழ்த்தினேன். கொஞ்ச நேரம் என் கையில் சாய்ந்து செவுளை அசைத்துக்கொண்டிருந்தது. பிறகு போய்விட்டது. எடை தெரியாது. படம் கிடையாது.

நிம்மதியாக இருந்தது என்று எழுதினால் பொய். வயிற்றில் ஒரு காலி. யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று கை பரபரத்தது. அந்தக் காலியை நான் முக்கியமாக நினைக்கிறேன். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக, விட்டபோது என்னிடமிருந்தும் ஏதோ போயிருந்தது. அதிபத்தரின் பட்டினிக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. ஆனால் எந்தத் திசையில் யோசிக்க வேண்டும் என்று அது காட்டியது.

இதை எழுதுவதே ஒரு படம்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஆமாம். ஆனால் இந்தப் படத்துக்காக அது காற்றில் மூச்சடைத்துக் கிடக்க வேண்டியிருக்கவில்லை.

*

ஆக, விடுவது என்னதான்?

நான் வந்து சேர்ந்த இடம் இது. அது கருணை இல்லை, கடன். கருணை என்றால், நான் வராமல் இருந்திருந்தால் அந்த மீனுக்குக் கிடைக்காத ஏதோ ஒன்று என்னால் கிடைத்திருக்க வேண்டும். நான் வராமல் இருந்திருந்தால் அதற்கு எல்லாமே இருந்தது. ஏரி, இருட்டு, சேறு, தழும்பு ஆறிய வாய். நான் எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுத்தேன், கொஞ்சம் குறைத்துக் கொடுத்தேன். கடன் அடைப்பதைத் தானம் என்று சொல்லிக்கொள்கிறவனை ஊரில் என்ன சொல்வோம்?

பெயரில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நிறைய இருக்கிறது. கருணை என்று பெயர் வைத்தால் அதிகம் செய்வது நல்லது என்றாகிவிடும். நூறு மீன் பிடித்து விட்டவன் நூறு தடவை கருணை காட்டியவன் ஆகிவிடுவான். கடன் என்று பெயர் வைத்தால் குறைவாக வாங்குவது நல்லது. மூன்று தூண்டிலுக்குப் பதில் ஒன்று போதுமா, இந்தப் பயணம் தேவையா, இந்தப் படம் வேண்டுமா என்ற கேள்விகள் தானாக வரும். நனைந்த மெத்தையும் மருந்தும் அப்போதும் இருக்கும். ஆனால் அவற்றை வைத்துப் பெருமைப்பட முடியாது. கடனை ஒழுங்காகக் கட்டுகிறவன் நல்லவன்தான், கடனே வாங்காதவனைவிட உயர்ந்தவன் இல்லை.

இதை மீனோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை என்றும் தோன்றுகிறது. நாமே உண்டாக்கிய காயத்துக்கு நாமே கட்டுப் போட்டுவிட்டு, கட்டுப் போட்ட கையைப் பார்த்து நெகிழ்ந்துபோவது நமக்குப் பழக்கம்தான். திட்டிவிட்டுச் சமாதானம் செய்கிற காதலர்கள், ஆற்றைக் கெடுத்துவிட்டு மரம் நடுகிற ஆலைகள். சமாதானமும் மரமும் தேவைதான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அவற்றை எந்தப் பக்கத்தில் வரவு வைக்கிறோம் என்பதுதான் விஷயம்.

அப்படியானால் நிறுத்திவிடு என்று நீங்கள் சொன்னால், உங்களிடம் எனக்கு எதிர்வாதம் இல்லை. அம்மாவிடமும் இல்லை. காரணம் என்று சொல்ல என்னிடம் ஒன்றும் கிடையாது, ஆசைதான் இருக்கிறது. அந்தி நேரத்துக் கொக்குகளுக்காக மட்டும் அங்கே போய் உட்கார முடியுமா என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். இப்போதைக்கு முடியும் என்று சொல்லத் துணிவில்லை. ஆனால் ஆசையைக் காரணம் என்றோ, கடனைக் கருணை என்றோ இனிச் சொல்வதில்லை என்ற அளவுக்கு வந்திருக்கிறேன். அடுத்த அக்டோபருக்கு விடுப்புக் கேட்டிருக்கிறேன். எத்தனை தூண்டில் எடுத்துப்போவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.